டிரில்: ஓர் அடையாளத்தின் வரலாறு



தோட்டத்துக் கோவில் திருவிழாவில் நாதசுரக்காரர் ஒரு சுரத்தை அசைத்து அசைத்து வாசிப்பதை நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மேனாட்டு இசையிலும் சுரத்தை அசைக்கும் முறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் டிரில். ஒரு சுரத்தையும் அதற்கு அடுத்த மேல் சுரத்தையும் விரைவாக மாற்றி மாற்றி ஒலிப்பதே டிரில் ஆகும்.

பியானோ பயிலும் பிள்ளைகள், பாடப் புத்தகத்தில் சில சுரங்களின் மேல் டி, ஆர் என்னும் இரண்டு ரோமன் எழுத்துகளைக் காண்பார்கள். சில வேளைகளில் அவற்றையொட்டி அலை போன்ற கோடும் ஓடும். 'ரி' என்னும் சுரத்தின் மேல் இவ்வடையாளம் இருந்தால், 'ரி'யையும் 'க'வையும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். எழுதிய சுரத்திற்கு உரிய காலம் முழுவதும் அந்த அசைவு நீடிக்க வேண்டும்.

எந்தச் சுரத்தில் தொடங்குவது? அடையாளம் அதைச் சொல்வதில்லை. வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

1720ஆம் ஆண்டில் ஜெர்மானிய இசை மேதை யோகான் செபாஸ்டியன் பாக், ஒன்பது வயதான தம் மூத்த மகனுக்காக ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். அதில் அலங்கார அடையாளங்களை மேலேயும், அவற்றை வாசிக்கும் விதத்தைக் கீழேயும் எழுதிக் காட்டினார். அங்கே டிரில் மேல் சுரத்தில் தொடங்குகிறது. அவருடைய இன்னொரு மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் 1753இல் வெளியிட்ட நூலும் அவ்வாறே கூறியது. மேல் சுரம் துணைச் சுரங்களோடு சற்றே மோதிப் பின்பு அடங்குவது அக்கால இசையின் சுவைகளுள் ஒன்று.

காலம் மாறியது. மோசார்ட்டின் மாணவரான ஹும்மல், 1828இல் வெளிவந்த தமது பியானோ நூலில், எழுதிய சுரத்திலேயே தொடங்கச் சொன்னார். நாளடைவில் அவ்வழக்கம் பரவியது. அடையாளம் அப்படியே இருக்க, வாசிப்பு மாறிவிட்டது!

ஆகவே, பாக் இயற்றிய இசையில் பெரும்பாலும் க-ரி-க-ரி என்றும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இசையில் பெரும்பாலும் ரி-க-ரி-க என்றும் வாசிப்பார்கள். முதலில் மெதுவாக, இரு சுரங்களும் ஒரே அளவாக ஒலிக்கப் பழகி, பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

தந்தை மகனுக்கு எழுதிக் காட்டியதால் அந்த ஒலி இன்றும் நமக்குக் கிடைக்கிறது. நம் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் வெறும் சொற்களாக எழுதி வைத்தால், அதன் அசைவும் குழைவும் அவர்களோடு போய்விடும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாடியும் காட்டுவோம்.