திண்டிவனத்துக்கு வந்த பை

விழுப்புரம் ரயிலடிப் பக்கத்து மருந்துக்கடையில் சித்தி சீட்டை நீட்டியதும் கடைப்பையன், “நாப்பத்தஞ்சாம்மா, அம்பத்தேழா?” என்று கேட்டான். “அம்பத்தாறு முடிஞ்சிடுச்சுப்பா” என்றாள் சித்தி. சித்தப்பாவின் வயதைக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

அவன் கேட்டது மில்லிமீட்டர் கணக்கு. வயிற்றில் ஒட்டும் தட்டின்மேல் பையை மாட்டுகிற வளையத்தின் அளவு. அது தெரியாமல் வாங்கிவந்த பை, ஏற்கெனவே ஒட்டியிருந்த தட்டில் உட்காரவில்லை. ஒரு கம்பெனித் தட்டில் இன்னொரு கம்பெனிப் பையை மாட்ட முடியாது என்பது திண்டிவனத்தில் வீடு வந்து சேர்ந்து, ராத்திரி பதினோரு மணிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சித்தப்பா ஒரு துண்டை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டு விடியும்வரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வந்தது குடலில் காசநோய். மாதக்கணக்கில் சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, இளைப்பு. கடைசியில் ஒருநாள் சிறுகுடல் ஓட்டையாகி, நள்ளிரவில் அவசர ஆபரேஷன். குடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் திறந்து தைத்துவிட்டார்கள். கீழே உள்ள பகுதி ஆறும்வரை எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். டாக்டர்கள் அதை இலியாஸ்டமி என்கிறார்கள். ஊரில் “பை வச்சிருக்காங்க” என்று சொல்வதோடு சரி. வெளியே தெரிகிற அந்தக் குடல்முனைக்குப் பெயர் ஸ்டோமா. கிரேக்கத்தில் அதற்கு வாய் என்று பொருள். சித்தப்பா முதல்முறை குனிந்து பார்த்தபோது, “வயித்துல ஒரு வாயத் தொறந்து வுட்டுட்டாங்களே” என்றார். கன்னத்தின் உட்புறம்போலச் சிவந்து, ஈரமாக, லேசாக அசைந்துகொண்டிருந்தது. தொட்டால் அதற்கு வலிக்காது. வலியை உணரும் நரம்பு அங்கே இல்லை. சுற்றியுள்ள தோலுக்குத்தான் எல்லா வலியும். சிறுகுடலிலிருந்து வரும் நீரில் உணவைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. அது தோலில் பட்டால் தோலையும் செரிக்கத் தொடங்கிவிடும்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் தட்டை எப்படி வெட்டுவது, எப்போது மாற்றுவது, என்ன சாப்பிடுவது என்று அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. கையில் ஒரு பை, சீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். இந்தப் பை எங்கிருந்து வந்தது என்று நான் தேடத் தொடங்கியது அந்தத் துண்டு கட்டிய ராத்திரிக்குப் பிறகுதான். தேடியபோது தெரிந்த விஷயம் இன்னும் மனசை அறுக்கிறது. இந்தப் பையைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்தவர்கள் செவிலியர்கள்.

குடலை வயிற்றில் திறந்துவிடுகிற வித்தை பழையது. 1793-இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரத்தில் துய்ரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அதைச் செய்தார். அந்தக் குழந்தை நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்தது. வருவதை எதில் பிடிப்பது என்பதற்குத்தான் அதன் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு சரியான வழி இல்லை. துணி, ரப்பர், உலோகக் கிண்ணம் என்று எதையெல்லாமோ இடுப்பில் வார்போட்டுக் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்கும் கசிவுக்கும் பயந்து மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள்.

1954-இல் டென்மார்க்கில் எலிஸே சோரன்சென் என்ற செவிலியரின் தங்கை தோராவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. எங்கே கசிந்துவிடுமோ என்று தோரா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். மெல்லிய பிளாஸ்டிக் பையின் வாயில் ஒட்டும் வளையம் ஒன்றை வைத்தால் கட்டவே வேண்டாமே என்று அக்காவுக்குத் தோன்றியது. பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஓகே லூயி-ஹான்சென் முதலில் மறுத்தார். அவருடைய மனைவி யோஹன்னேவும் செவிலியர் படிப்புப் படித்தவர். அவர் வற்புறுத்திய பிறகு ஏறக்குறைய ஆயிரம் பைகள் செய்து பார்த்தார்கள். 1957-இல் அதற்கென்றே கோலோபிளாஸ்ட் கம்பெனி பிறந்தது.

ஒட்டும் பொருளின் கதையில் நம் நாட்டுக் காடும் இருக்கிறது. ஆந்திரம், தெலங்கானா, மத்தியப் பிரதேசத்தின் வறண்ட மலைகளில் வளர்கிற ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் கராயா என்ற பிசின் வடியும். பழங்குடி மக்கள் சேகரிப்பது. முகர்ந்தால் காடி வாசனை அடிக்கும். பல்செட் ஒட்டுவதற்காக அது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. 1950-களில் கிளீவ்லாந்து கிளினிக்கின் அறுவை மருத்துவர் ரூப்பர்ட் டர்ன்புல், அது ஈரத் தோலிலும் பிடிக்கிறது, புண்ணையும் ஆற்றுகிறது என்று கண்டார். அவரிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியையே 1958-இல் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வைத்தார். 1961-இல் அங்கேயே அதற்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கான சிறப்புச் செவிலியர் என்ற தொழிலே அப்படித்தான் வந்தது. இப்போதைய தட்டுகளில் பெரும்பாலும் கராயாவின் இடத்தில் பெக்டின், ஜெலட்டின், செல்லுலோஸ் கலந்த பசை இருக்கிறது. இந்தியாவில் 1975 முதல், பை வைத்திருப்பவர்களுக்கான ஆஸ்டமி சங்கம் செயல்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்தச் செவிலியர் பயிற்சியும் உண்டு.

அங்கிருந்து திண்டிவனத்துக்குப் பை வந்துவிட்டது. கூட வரவேண்டிய செவிலியர் வரவில்லை. பாதி வழியில் எங்கோ இறங்கிவிட்டார்.

சித்தப்பா மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.எம்.வி. ரகங்களில் முதல் எழுத்தே இந்த ஊரைக் குறிப்பதுதான். நோய்க்கு முன்னால் 63 கிலோ இருந்த மனிதர், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மண்டிக்குப் போய், மூட்டை வைக்கிற மேடைத் தராசில் ஏறி நின்றார். 46.8 காட்டியது. முப்பது வருஷமாக அந்தத் தராசின் முள்ளையும் எண்ணையும் படித்தவர். இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை யாரிடமும் பேசவில்லை.

அந்த இளைப்பில் எத்தனை பங்கு சதை, எத்தனை பங்கு தண்ணீர் என்று பிறகு ஒரு சர்ஜன் எங்களுக்குப் பிரித்துச் சொன்னார். பெருங்குடலின் வேலையே தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சுவது. அதைத் தாண்டி வழிவிட்டால், முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் பையில் வந்துவிடும். குடல் பழகப் பழக அது அரை லிட்டர், முக்கால் லிட்டராகக் குறையும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கினால் அது சதை கரைந்ததல்ல, உடம்பு வற்றியது. அந்த ஒரு லிட்டரோடு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பும் போகிறது.

நாங்கள் செய்த தப்பு அங்கேதான். தாகம் தாகம் என்றார், செம்புச் செம்பாகத் தண்ணீர் கொடுத்தோம். வெறும் தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால், அது உடம்பிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு பைக்கு வந்துவிடும். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. நிறைய நிறைய நாக்கு வறண்டது. கெண்டைக்காலில் இழுப்பு வந்தது. இளநீர் நல்லது என்று தினமும் இரண்டு வெட்டிக் கொடுத்தோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு வேண்டிய சோடியம் குறைவு. வேண்டியிருந்தது உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த நீர். சர்க்கரை குடலில் ஏறும்போது உப்பைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டின் தத்துவம் அதுதான். பை ரொம்ப நிறைகிறவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் உப்புக் கூடின கரைசலை டாக்டர் அளந்து எழுதித் தருவார். லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது பல மருத்துவமனைகளில் உள்ள கணக்கு. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் செய்யக் கூடாது.

சாப்பாட்டில் எங்கள் வீட்டுக்குக் கைகொடுத்தது உப்புப் போட்ட கஞ்சி. குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம் எல்லாம் பையில் வருவதைக் கெட்டியாக்கின. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தாள் சித்தி. முட்டையை வேகவைத்து மசித்துக் கஞ்சியில் கலந்தாள். கீரைத்தண்டு, தேங்காய்ச் சில், கொய்யா விதை, மல்லாட்டை எல்லாம் முதல் எட்டு வாரம் கிடையாது. வீங்கியிருக்கும் குடல்வாயில் அடைத்துக்கொண்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான். மல்லாட்டை மண்டியில் பிழைப்பவரிடம் மல்லாட்டை தின்னாதே என்றால் என்ன ஆகும்? வறுக்கிற வாசனை வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் பை முழுக்கச் செம்மஞ்சளாகிவிட்டது. ரத்தம் என்று வீடே அலறியது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்வரை சாயம் ஏற்றும். இதையும் யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தட்டு வந்த பெட்டிக்குள் அட்டை ஒன்று இருந்தது. சின்னதும் பெரிதுமாக வட்ட ஓட்டைகள், பக்கத்தில் எண்கள். அதை மூன்று வாரம் நாங்கள் கவனிக்கவே இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். உடம்பு இளைத்தால் வயிற்றின் மேடு பள்ளமும் மாறும். முதல்நாள் 38-இல் வெட்டிய ஓட்டையையே அச்சாக வைத்து வெட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டோமாவோ 30-க்கு வந்துவிட்டது. நடுவே திறந்துகிடந்த தோலில் நீர் தேங்கி, நெருப்புச் சுட்டதுபோல் புண். புண்ணின் ஈரத்தில் தட்டு பிடிக்கவில்லை. பிடிக்காததால் மேலும் கசிவு. கசிவுக்குப் பயந்து அவர் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். எடை இன்னும் இறங்கியது. பசை போன வழியே உடம்பும் போனது.

பக்கத்து ஊரில் ஏற்கெனவே பை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் வீட்டுக்கு வந்து அந்த அட்டையை எடுத்து வயிற்றில் வைத்துக் காட்டினார். ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் கூட இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காயவிட வேண்டும். தேங்காயெண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் தட்டுக்கு அடியில் கூடாது. ஒட்டுவதற்கு முன் தட்டைக் கக்கத்தில் ஐந்து நிமிஷம் இடுக்கிக்கொள்ளச் சொன்னார். உடம்புச் சூட்டில் பசை இளகி, அப்புறம் தோலோடு தோலாகப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், கனம் கூடினால் தட்டை இழுத்துவிடும். புதுப் பெட்டியை ஓட்டுக்கூரைக்குக் கீழே வைக்காதே, வண்டிப் பெட்டியில் வெயிலில் விடாதே என்றார். சித்தி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து, அன்றைய தேதியில் 30 என்று எழுதினாள்.

அதன் பிறகு காலண்டரில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 30, 46. 28, 46.5. 27, 48. மூன்றாம் மாதம் 50. காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வங்கியில் விழும். அது முட்டைக்குப் போனது. 52-ஐத் தொட்டபோது மறுபடி கசிந்தது. வயிற்றில் சதைபோட்டு, உட்கார்ந்தால் ஸ்டோமாவுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. எடை ஏறினாலும் தட்டு அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. மடிப்பில் பசையை நிரப்பி, உட்கார்ந்த நிலையிலேயே அளந்து ஒட்டக் கற்றுக்கொண்டாள் சித்தி.

பை வாங்க விழுப்புரம் போவது பாசஞ்சர் ரயிலில். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். ஆஸ்டமி செய்துகொண்டவர்களுக்கு ரயில்வே மாத சீசன் சீட்டில் பாதிக் கட்டணச் சலுகை வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் அவர்கள் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பையின் விலை அன்றாடக் கூலிக்காரருக்குப் பெரும் பாரம். மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தட்டு மாற்ற வேண்டியதை ஏழு நாள், எட்டு நாள் என்று இழுத்துத் தோலைப் பறிகொடுத்தவர்களை அந்த மருந்துக்கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

காசநோய் மாத்திரை முடிந்து, ஏழாம் மாதம் குடலைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார்கள். அன்றைக்கு அவர் 56 கிலோ. பெட்டியில் பிரிக்காத தட்டு நான்கும் பை நான்கும் மிச்சம்.

மயிலத்தில் ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய்க்காகப் பை வைத்திருக்கிறார்கள், ஒரேயடியாக இளைத்துக் கிடக்கிறாள் என்று மண்டிக்கு வருகிற ஒருவர் சொன்னார். சித்தி மறுநாளே பெட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள். கூட நானும் போனேன். அந்தப் பெண்ணின் மகள் கதவருகே நின்று பேசத் தயங்கினாள். “இப்ப இருக்கறது நாப்பத்தஞ்சாம்மா, அம்பத்தேழா?” என்று சித்தி கேட்டாள். மகள் உள்ளே போய்ப் பழைய அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐம்பத்தேழு என்றாள். கம்பெனியும் அதேதான்.

சித்தி பாயில் உட்கார்ந்தாள். பேனாக்கோடுகள் விழுந்த எங்கள் வீட்டு அட்டையை அந்தப் பெண்ணின் வயிற்றருகே பிடித்து, ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பார்த்தாள். வளைந்த கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டினாள். பிறகு தட்டைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நேத்து என்ன சாப்ட்ட?” என்று பேச்சுக் கொடுக்கத் தொடங்கினாள்.