நூலகமும் கட்டக் குறியும்



சென்ற மாதம் ஒரு கல்லூரி நூலகத்துக்குச் சென்றிருந்தேன். வரலாற்று நூல்கள் அடுக்கியிருந்த அலமாரியின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் அட்டையொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் எழுத்தென்று ஒன்றும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்களே இருந்தன. முதலாண்டு மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தாள். சிறிது பொறுத்து, முகம் வாடித் திரும்பினாள். "இந்தப் பக்கம் இப்போது இல்லையென்று வருகிறது, ஐயா" என்றாள். அவளுடைய ஏமாற்றத்துக்குக் காரணம் யாதென எண்ணிப் பார்த்தபோது, அக்குறியின் வரலாற்றை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று தோன்றிற்று.

கியூ.ஆர். என்று நாம் வழங்கும் இக்கட்டக் குறிக்கு மூத்தது பார்கோடு என்னும் கோட்டுக் குறி. 1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், டிரெக்சல் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார் பெர்னார்டு சில்வர். கடையில் விற்கும் பண்டங்களின் விவரத்தைத் தாமாகவே படித்தறிய ஒரு வழி வேண்டுமென்று வணிகர் ஒருவர் அக்கழகத்தாரிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. அதனைத் தம் நண்பர் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்டு சிறுவயதில் சாரணராக இருந்தபோது மோர்ஸ் தந்தி முறையைக் கற்றவர். மயாமிக் கடற்கரையில் அமர்ந்து சிந்தித்திருந்த அவர், மணலில் விரல்களை ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். தந்தியின் புள்ளிகளும் கீற்றுகளும் நீண்டு கோடுகளாயின! மெல்லிய கோடும் தடித்த கோடும் செய்தி சொல்லலாமே என்னும் கருத்து அங்கே பிறந்தது. 1952இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் கோடுகளைப் படிக்கத்தக்க மலிவான கருவிகள் அன்று இல்லை. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்னும் ஊரில், மெல்லும் பசைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று இம்முறையால் விற்கப்பட்டது. மணலில் இட்ட கோடு கடைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அதே 1970களில் மேனாட்டு நூலகங்களும் கோட்டுக் குறியை மேற்கொண்டன. நூலுக்கு ஒரு குறி, உறுப்பினர் அட்டைக்கு ஒரு குறி. இரண்டையும் ஒளிப்பேனாவால் தடவினால் இரவல் பதிவாகிவிடும். பேரேட்டில் எழுதும் வேலை குறைந்தது. எனினும் அக்குறி நூலகருக்குத்தான் பயன்பட்டது; வாசகரோடு அது பேசவில்லை.

வாசகரோடு பேசும் குறி ஜப்பானிலிருந்து வந்தது. மோட்டார் உறுப்புகள் செய்யும் டென்சோ நிறுவனத் தொழிற்சாலைகளில் ஒரே பெட்டியின்மேல் பல கோட்டுக் குறிகள் இருந்தன. கோட்டுக் குறியில் இருபது எழுத்துகள் அளவே அடங்கும். ஆகவே தொழிலாளர் ஒவ்வொன்றாகப் படித்துச் சலித்தனர். இத்துன்பத்தை நீக்க முனைந்தவர் மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளர். கறுப்பும் வெள்ளையுமான காய்களைக் கட்டங்களில் வைத்தாடும் 'கோ' ஆட்டம் அவருக்கு வழிகாட்டிற்று. கோடு பக்கவாட்டில் மட்டுமே செய்தி தாங்கும். கட்டமோ மேலும் கீழும் தாங்கும். குறியைக் கருவி உடனே இனங்காண, அச்சிட்ட தாள்களையெல்லாம் ஆராய்ந்து, அவற்றில் மிக அரிதாகக் காணப்படும் கறுப்பு வெள்ளை விகிதமாகிய 1:1:3:1:1 என்பதைத் தேர்ந்தார். மூன்று மூலைகளிலும் நீங்கள் காணும் சதுரங்கள் அவ்விகிதத்தில் அமைந்தவையே. 1994இல் வெளிவந்த இக்குறி 7,089 இலக்கங்கள் வரை கொள்ளும். தக்கவாறு அமைத்தால், முப்பது விழுக்காடு அழிந்தாலும் படிக்க முடியும். காப்புரிமை பெற்றிருந்தும், எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நிறுவனத்தார் விட்டுவிட்டனர். 2002இல் ஜப்பானியக் கைப்பேசிகள் இதனைப் படிக்கத் தொடங்கின.

2010ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக நூலகம் தன் நூற்பட்டியில் ஒவ்வொரு நூலுக்கும் இக்குறியைச் சேர்த்திருந்தது. நூலின் பெயரும் அலமாரி எண்ணும் அக்குறிக்குள்ளேயே இருந்தன. மாணவர் தாளில் எழுதிக்கொள்ளாமல் கைப்பேசியில் ஏந்தி அலமாரிக்கு நடந்தனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. செய்தியையே தாங்கிய குறி, அட்டை உள்ளவரை பேசும். இணைய முகவரியை மட்டும் தாங்கிய குறியோ, அம்முகவரி மாறிய அன்றே ஊமையாகிவிடும்.

நான் கண்ட அட்டைக்கு நேர்ந்ததும் இதுவே. நூலகத்தின் இணையப் பக்கம் இடம் மாறியிருந்தது. அலமாரியின் அட்டையை மாற்றுவோர் இல்லை. குறி பழுதுபடவில்லை, பேணுதலே பழுதுபட்டது.

கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காம் விதி. கட்டக் குறி அதற்கு உற்ற துணையே. ஆனால் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்னும் இரண்டாம் விதி அதற்கு முன் நிற்கிறது. கைப்பேசி இல்லாத மாணவனும் வாசகனே அல்லவா? அவனுக்காகக் குறியின் கீழே இரண்டு வரி எழுத்தும் அலமாரி எண்ணும் இருத்தல் வேண்டும்.

அன்று அந்த மாணவியும் நானும் நூல்களின் முதுகிலிருந்த எண்களை வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்தோம். மூன்றாம் தட்டின் கோடியில் அவள் தேடிய நூல் இருந்தது. "எண்களைப் பார்த்தே தேடலாமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஐயா" என்றாள். இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.