ஆர்தர் காட்டன்: காவிரிக் கடைமடையை நனைத்த படைப் பொறியாளர்

ஆர்தர் தாமஸ் காட்டன் (15 மே 1803 – 24 ஜூலை 1899) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த அதிகாரி, பாசனப் பொறியாளர். கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் 1836இல் கட்டி முடித்தவர். வற்றிக்கொண்டிருந்த தஞ்சைக் காவிரிக்கு மீண்டும் நீர் கிடைக்கச் செய்தது இந்தப் பணி. தலைப்பில் எவ்வளவு நீர் திரும்புகிறதோ, அதைப் பொறுத்தே திருக்கடையூர் போன்ற கடைமடை ஊர்களின் வெள்ளாமை அமைவதால், அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மேலணையும் இவ்வூர்களின் சாகுபடியைத் தீர்மானிக்கும் இடங்களுள் ஒன்று.

இளமையும் படைப்பணியும்

இங்கிலாந்தின் கோம்பர்மியர் அபே என்னும் நாட்டுப்புறப் பண்ணை மாளிகையில் ஹென்றி கால்வெலி காட்டனின் பத்தாவது மகனாகப் பிறந்தார். 15 வயதில் அடிஸ்கோம்பிலிருந்த கம்பெனியின் படைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1819இல் சென்னைப் பொறியாளர் படையில் நியமனம் பெற்றார். வேல்ஸில் நில அளவைப் பணியைக் கற்றபின் 1821இல் சென்னைக்குப் புறப்பட்டார். தென்மாவட்டங்களின் ஏரிகளைப் பராமரிக்கும் துறையில் உதவிப் பொறியாளரானதே அவரது முதல் பாசன அனுபவம். பாம்பன் கால்வாயை ஆழப்படுத்துவதற்கான அளவைப் பணியிலும் ஈடுபட்டார். 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரில் களத்தில் நின்றார். போரிலிருந்து திரும்பிய பின், 1828இல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

காவிரியின் சிக்கல்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இடையில் இருப்பது திருவரங்கத் தீவு. கொள்ளிடம் கடலுக்கு நேராகவும் சரிவாகவும் ஓடுகிறது; அதன் படுகையும் தாழ்வானது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. மெல்ல நகரும் ஆற்றில் மணல் தங்கும். காவிரியின் தலைப்பு ஆண்டுக்கு ஆண்டு மணல்மேடிட, வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. தஞ்சையின் வயல்கள் காய்ந்தன.

தீவின் கீழ்முனையில், காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் பல நூற்றாண்டுகளாகத் தடுத்து வந்தது கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை. 1830இல் அதில் மணல் போக்கி மதகுகள் அமைக்கப்பட்டன. ஆனால் முக்கொம்பிலேயே காவிரிக்குள் நீர் வராதபோது கல்லணையால் மட்டும் பயனில்லை. 1799இல் தஞ்சை நாட்டைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட கம்பெனிக்கு, நீர் குறைந்தால் நிலவரியும் குறையும் என்பதே முதல் கவலை.

மேலணையும் கீழணையும்

காவிரியைத் தூர்வாரிக்கொண்டே இருப்பதைவிட, கொள்ளிடத்தின் வாயில் தாழ்வான தடுப்பணை ஒன்றை எழுப்புவதே தீர்வு என்று காட்டன் முடிவு செய்தார். ஆற்றுநீர் குறைவாக வரும்போது அணை அதைக் காவிரிக்குத் திருப்பும். வெள்ளம் வந்தால் மிகுநீர் அணைக்கு மேலாக வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும்.

சிக்கல் அடித்தளத்தில் இருந்தது. முக்கொம்பில் எவ்வளவு தோண்டினாலும் மணல், பாறை எட்டாது. உள்ளூரார் கிணறு இறக்கும் முறை இங்கே கைகொடுத்தது. செங்கல்லால் கட்டிய வட்ட உறைகளை வைத்து, உள்ளிருக்கும் மணலை அள்ள அள்ள உறை தன் எடையாலேயே கீழே இறங்கும். இப்படி வரிசையாக இறக்கிய உறைக்கிணறுகளை நிரப்பி, அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஆளுயரத்தை ஒட்டிய சுவர் எழுப்பினர். உச்சியில் கல் பாவினர். வழிந்து விழும் நீர் அடிமண்ணை அரிக்காதபடி கீழ்ப்புறமும் கல்தளம் அமைந்தது. மணல் கழிய அடிமதகுகள் விடப்பட்டன. ஆழங்காண முடியாத மணலில் அணை நிறுத்தும் நுட்பத்தைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார்.

மேலணைக்குச் சுமார் 70 மைல் கீழே அணைக்கரையில் கீழணை எழுந்தது. கொள்ளிடத்தில் வழிந்து வரும் நீரையும் கசிவுநீரையும் மறித்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், இருகரை வாய்க்கால்களுக்கும் அது அனுப்புகிறது.

கடைமடையில் பயன்

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இரண்டு அணைகளின் பயனும் உண்டு. சீர்காழிப் பக்கத்து வாய்க்கால்கள் கீழணையை நம்பியவை. காவிரிக்குத் தெற்கே, அறுபதாம் கல்யாணத்துக்குப் பெயர்பெற்ற திருக்கடையூரை உள்ளடக்கிய தரங்கம்பாடி வட்டம், வீரசோழன், மகிமலையாறு, மஞ்சளாறு முதலிய காவிரிக் கிளைகளை நம்பியது. மேலணை முடிந்தபோது அருகிலுள்ள தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில் இருந்தது; 1845இல்தான் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. எல்லை எதுவானாலும் ஆற்றுநீர் ஒன்றே.

பக்கவிளைவும் திருத்தமும்

தீர்வு அளவுக்கு மிஞ்சியும் வேலை செய்தது. காவிரியில் நீர் பெருகியதால் அதன் தலைப்பில் படுகை அரிக்கப்பட்டு, கரைகள் ஆபத்துக்குள்ளாயின. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பில் தளச்சுவர் கட்டவும் நேர்ந்தது. நூற்றாண்டின் இறுதியையொட்டி மேலணை கதவணையாக மாற்றப்பட்டது. 22 ஆகஸ்ட் 2018 அன்று வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் உடைந்து போயின. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது.

கோதாவரியும் பிற பணிகளும்

சென்னைச் செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிவர 1837இல் ஓடிய, இந்தியாவின் முதல் இருப்புப்பாதையிலும் காட்டனுக்குப் பங்குண்டு. 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையைக் கட்டினார். காவிரியில் கற்ற பாடமே அங்கே பெரிய அளவில் பயன்பட்டது. 1861இல் சர் பட்டம் பெற்றார். ரயில்பாதைகளைவிடப் பாசனமும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்த கால்வாய்களே இந்தியாவுக்கு ஏற்றவை என்று வாதாடினார். 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் அவரது திட்டங்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன.

ஓய்வுக்குப் பின் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்தார். நிலத்தை ஆழமாகக் கொத்திப் பயிரிடும் சோதனைகளில் முதுமையைச் செலவிட்டு, 96 வயதில் அங்கேயே காலமானார். அவரது மகள் லேடி ஹோப் எழுதிய வாழ்க்கை வரலாறு 1900இல் வெளிவந்தது.

மதிப்பீடு

ஆந்திரத்தில் கோதாவரிக் கரை மக்கள் காட்டனைக் குலதெய்வத்துக்கு நிகராக வணங்குகின்றனர். தவளேஸ்வரத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது. புதுப்பிக்கப்பட்ட அணையும் அவர் பெயரையே தாங்குகிறது. தஞ்சையில் அந்த அளவு கொண்டாட்டம் இல்லை. இங்கே கரிகாலன் பெயர் முன்னரே நிலைத்துவிட்டது ஒரு காரணம். கம்பெனியின் வரி நோக்கத்தை மறைத்து அவரை வள்ளலாக்குவதும், அந்நியர் என்பதற்காக அவர் பணியைக் குறைப்பதும் ஒருசேரப் பிழை. உறைக்கிணறு இறக்கிய, செங்கல் சுமந்த கூலியாட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பழையோரின் அறிவை மதித்துக் கற்று, அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பொறியாளர் என்ற இடமே காவிரிப் பாசன வரலாற்றில் காட்டனுக்கு உரியது.