மூடிய கலாசாலையும் மீட்டெடுத்த ஊராரும்: வட்டுக்கோட்டை, 1855–1872

காவிரியினின்று குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில், அருகிலுள்ள பழமார்நேரியில் 1864-ஆம் ஆண்டு பிறந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியைக் காண்போர், தஞ்சைத் தரணியின் கல்வி ஸ்தாபனங்களுட் பல, அரசரும் மிஷனரிமாரும் தனவந்தரும் செய்த தர்மத்தால் எழுந்தவை என்பதை எளிதில் உணர்வர். அவ்வாறு அளித்த கை பின்வாங்குமாயின், எஞ்சிய கட்டடத்தின்மீதும் நிலத்தின்மீதும் ஊராருக்கு யாதேனும் பாத்தியதை உண்டோ? நாகப்பட்டினத்தில் 1844-இல் இயேசு சபையார் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தபோது, அத்தீர்மானம் சபையாருடையதாகவே இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் சரித்திரம் வேறு விதமாகச் சென்றது.

போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் புதுப்பித்து, பின்னர் கூரையிழந்து பாழ்பட்டுக் கிடந்த தேவாலயத்தையும் அதன் சூழலையும் பெற்றுச் சீர்செய்த அமெரிக்க மிஷனரிமார், டானியல் பூர் என்பாரின் தலைமையில் 1823-இல் அங்கே உயர்தரக் கல்வியைத் தொடங்கினர்; கல்லூரி என்ற பட்டயத்தை அரசாங்கம் அளிக்க இணங்காமையால் அது செமினரி என்ற பெயருடனே வளர்ந்தது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் முதலியன அங்கே ஒருங்கே பயிலப்பட்டன. 1841-இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் அதன் மாணாக்கரே. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட், 1850-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு நிகராக அதனை மதித்தெழுதினார்.

அத்தகைய ஸ்தாபனம் 1855-இல் மூடப்பட்டதற்குக் காரணம் மாணாக்கர் குறைவன்று. பாஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் என்னும் மிஷன் செயலாளர், ஆங்கிலக் கல்வி சுவிசேஷ ஊழியத்துக்குப் போதகரைத் தருவதை விட்டு அரசாங்க உத்தியோகஸ்தரையே பெருக்குகின்றது என்று கருதினார். ஆகவே தாய்மொழிக் கல்வியும் கிராமச் சபைகளுமே மிஷனின் காரியம் என்று முடிவாயிற்று. தாய்மொழிக்கு முதன்மை தந்த அக்கொள்கையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளை அனுப்பிவந்த ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு இணங்காது அதை நிறைவேற்றியது அநீதியே என்பது என் துணிபு.

இரண்டே ஆண்டுகளில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் தேறினர்; இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர். பிற்காலத்தில் கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, பண்டை நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் வழியாக, மூடிய அக்கலாசாலையின் பயன் நம் காவிரிக்கரையையும் எட்டிற்று.

பழைய மாணாக்கர் 1867-இல் ஒன்றுகூடிக் கல்லூரி வேண்டுமென்று பிரயத்தனம் தொடங்கினர். விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டு அனுக்கிரகத்தை எதிர்நோக்கி அவர்கள் காத்திருக்கவில்லை. சுதேசிகளும் மிஷனரிமாரும் சேர்ந்தமரும் நிர்வாக சபையொன்று அமைந்தது என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். அதிபராகக் குறிக்கப்பட்ட மிஷனரி சாண்டர்ஸ் 1871-இல் காலமாகவே, யூரோட்டஸ் ஹேஸ்டிங்ஸின் தலைமையில் 1872 ஜூலை 3-ஆம் நாள் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பெற்றது.

இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. மூலதனத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே திரட்டப்பட்டு, அங்குள்ள தர்மகர்த்தாக்களின் கையிலேயே இருந்தது. மேலும், ஊரார் என்று நாம் சொல்லும்போது, கற்றவரும் நிலமுடையவருமான, பெரும்பாலும் வேளாள மரபைச் சார்ந்த கிறிஸ்தவ ஆடவரையே குறிக்கின்றோம். அவ்வளாகத்தைச் சூழ வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பெண்களுக்கோ அந்நிர்வாக சபையில் இடமிருந்ததில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு வளாகம் உருமாறியது. பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1921-இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில், 1974-இல் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையிலேயே அமையவேண்டும் என்று தமிழரசியல் தலைவர்கள் நெடுங்காலமாகக் கோரிவந்திருக்க, இடத்தை அரசாங்கமே தீர்மானித்தது. அவ்வாறு யாழ்ப்பாணத்தில் எழுந்த வளாகத்தின் அறிவியல் வகுப்புகளுக்கு முதலில் இடம் தந்தது, பழைய மாணாக்கர் மீட்டெடுத்த வட்டுக்கோட்டைக் கல்லூரியே.