சலங்கு

செஞ்சி மலைப்பக்கத்து நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு செல்லிப்பட்டுப் படுகையணையையும் வில்லியனூரையும் கடந்து வரும் சங்கராபரணி, சமுத்திரத்தை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறென்றும் மற்றது சுண்ணாம்பாறென்றும் பெயர் பெறுகிறது. அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில்தான், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமாபுரி வாணிகத்தின் தடயங்களை வெளிப்படுத்திய அரிக்கமேடு இருக்கிறது. அந்தப் பழந்துறைக்கு ஆற்றுமுகம் அரணாக அமைந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டிக் குடியேறிய புதுச்சேரிக் கரையோ அலைகளுக்கு நேர்முகமாகத் திறந்து கிடந்தது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்க, துணிக்கட்டுகளும் கடிதங்களும் புதிதாக வந்திறங்கும் கவர்னர்களும் ஒரேவகைப் படகை நம்பித்தான் அலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அந்தப் படகுக்குச் சலங்கு என்று பெயர்.

1736-இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இச்சொல் பழகியதே. கப்பல் ஒன்று கண்ணில் பட்டதும் கரையிலிருந்து சலங்கு ஓடும், அது திரும்பி வந்தால்தான் ஊருக்குச் சமாசாரம் தெரியும். பிரெஞ்சுக்காரர் இதையே தங்கள் நாவுக்கு ஏற்ப ‘ஷெலேங்’ என்று வழங்கினர்.

சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. 1855-இல் புதுச்சேரியில் அச்சான தமிழ்-பிரெஞ்சு அகராதி, ஜலத்தின்மேல் செல்வது என்று பொருள்பட ‘ஜலங்க’ என்னும் வடமொழி மூலத்தைக் காட்டுகிறது. பொருள் பொருந்துகிறதே என்று பின்னால் தேடி ஒட்டவைத்த விளக்கமாகவே எனக்கு இது தோன்றுகிறது. 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் சொற்களஞ்சியம், அரபு மொழியின் ‘ஷலந்தி’யைக் காட்டி, அதன் வழியே மத்தியதரைக் கடல்வரை நம் பார்வையைத் திருப்புகிறது. கிரேக்க பைசாந்தியப் பேரரசின் கடற்படையில் குதிரைகளையும் வீரர்களையும் ஏற்றிச் சென்ற ‘கெலாந்தியோன்’ என்னும் கலமே ஷலந்திக்கு மூலமென்பர். பிரெஞ்சில் சரக்குப் படகைக் குறிக்கும் ‘ஷலான்’ என்பதும் அதன் வழித்தோன்றலே. அரபு வணிகர் நெடுங்காலம் பழகிய சோழமண்டலக் கரைக்கு அந்த அரபுச் சொல் வந்திருக்கக்கூடியதே. ஆகவே இரண்டாம் கட்சியின் பக்கமே என் மனம் சாய்கிறது.

அந்தப் பைசாந்தியக் கலங்கள் நின்ற துறைகளுள் ஒன்றான அந்தால்யா இன்று துருக்கியின் உல்லாச நகரம். அதே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள போத்ரூமில் பாய்மரப் படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. அவ்வூராரின் பெருமையான ‘குலெத்’ என்ற மரக்கலத்தின் பெயரே பிரெஞ்சின் ‘கொயலெத்’ என்பதிலிருந்து போனது என்பர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கரையாரிடமிருந்து படகின் பெயரைக் கற்றனர். போத்ரூமில் கரையார் பிரெஞ்சுப் பெயரைத் தமதாக்கிக் கொண்டனர்.

இனிப் பொருளுக்கு வருவோம். மேற்சொன்ன தமிழ்-பிரெஞ்சு அகராதி, பலகைகளை ஆணியால் அறைந்த படகென்று சலங்கை விவரிக்கிறது. ஆனால் இக்கரையில் அலைகடந்த பழைய படகுகளின் சிறப்பு ஆணியில்லாமையே. பலகைகளின் ஓரங்களில் நெருக்கமாகத் துளையிட்டு, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் வைக்கோலோ நாரோ திணித்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். உள்ளே விலாச்சட்டங்களும் கிடையா. அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ கூடைபோல் நெளிந்து கொடுத்து, அடுத்த அலையில் எழும்பிவிடும். தையல் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். பின்னணியத்தில் நின்று நீண்ட துடுப்பால் திசை திருப்புபவன், எந்த அலையை விட்டு எந்த அலைமேல் ஏறுவது என்று ஒரு கணத்தில் தீர்மானிக்க வேண்டும். எந்தக் கலாசாலையிலும் கற்பிக்கப்படாத அந்த சாஸ்திரத்தை ஒரு நூலிலும் எழுதிவைக்காமல் விட்டோமே என்பதுதான் என் தீராத வருத்தம்.

1866-இல் இரும்புப் பாலத்துறை எழுந்தபின் அலைகளின் ஊடே சரக்கிறக்கும் அவசியம் குறைந்தது. அப்பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் அழித்தபோதும் படகுக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. இன்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்பவை பைபர் படகுகள். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் பயணிகளை ஏற்றுபவை இயந்திரப் படகுகள். அவற்றுள் ஒன்றின் முகப்பிலேனும் சலங்கு என்ற பெயரை எழுதிவைக்கப் புதுவை அரசாங்கம் முன்வர வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை கையாண்ட சொல்லை, அவர் ஊர்ப் பிள்ளைகள் படகேறும் இடத்திலேயே வாசித்தறியட்டும்.