மாமூலும் சாசனமும்: நீலகிரியிலிருந்து சில குறிப்புகள்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அவர் வளர்ந்ததும் பொதுவாழ்வைத் தொடங்கியதும் இந்த நீலகிரியில்தான். அவரை நினைத்துக்கொண்டு ஒரு பழைய கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டுக்கு எழுதப்பட்ட அரசியல் சாசனம் தேவையா?

சட்டக் கல்லூரித் தேர்வில் வரும் கேள்வி போல இது தோன்றலாம். நம் கூட்டங்களில் இதே கேள்வி வேறு சொற்களில் வருகிறது. "எழுதி எழுபத்தைந்து வருஷம் ஆச்சு, தீண்டாமை போயிடுச்சா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரே நூலாக எழுதிய சாசனம் கிடையாதே, அங்கே ஆட்சி நடக்கவில்லையா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் நம் வரலாற்றிலிருந்தே பதில் தேடுவோம்.

1891 டிசம்பர் 1 அன்று பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் நடந்தது. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வேண்டும், படித்தவர்களுக்கு அரசு வேலையும் உள்ளாட்சி மன்றங்களில் இடமும் வேண்டும் என்று கேட்டார்கள். சிறைக்குள் நம் மக்களை இழிவான வேலைக்கு நிர்ப்பந்திக்கும் சிறை விதியை நீக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. இந்த ஒன்றை நினைவில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்புவோம்.

இவர்கள் ஏன் யாருடைய இரக்கத்தையும் கேட்காமல் சட்டத்தைக் கேட்டார்கள்? எழுதப்படாத சாசனத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்பதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஊரில் குழந்தைக்கும் அது தெரியும். அதற்குப் பெயர் மாமூல். ஏட்டில் இல்லாததால் அதை எதிர்த்து முறையிட இடமில்லை. திருத்தம் கொண்டுவர வழியில்லை. மாமூல் எது என்று சொல்லும் அதிகாரம் எப்போதும் ஊர்ப் பெரியவர்களிடமே இருந்தது. எழுதாமலே நல்லாட்சி நடக்கும் என்ற பேச்சை நாம் சந்தேகத்தோடு கேட்பதற்குக் காரணம் இந்த அனுபவம்தான்.

நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போன இரட்டைமலை சீனிவாசனும் அதே வழியில் நடந்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போன அவர், அவரோடு சேர்ந்து வருங்கால இந்தியச் சாசனத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு வேண்டிய பாதுகாப்புகளைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அதில் முதல் கோரிக்கை சமமான குடியுரிமை. அந்தச் சொல்லை இந்த உரை முழுவதும் கையில் பிடித்துக்கொள்வோம்.

1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தபோது, நிர்வாக விவரங்களையெல்லாம் ஏன் சாசனத்துக்குள் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு அம்பேத்கர் விடை சொன்னார். சாசன ஒழுக்கம் இந்த மண்ணில் இன்னும் வேரூன்றவில்லை, எழுதாமல் விட்டால் நிர்வாகத்தின் வழியாகவே சாசனத்தைக் கெடுத்துவிட முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். சேரியிலிருந்து பார்த்தவருக்கே இது தெரியும்.

எதிர்வாதம் சொன்னவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஐவர் ஜென்னிங்ஸ் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, நம் சாசனம் மிக நீளமானது, இறுக்கமானது என்று குறை சொன்னார். அவரே இலங்கைச் சாசனத்தின் உருவாக்கத்தில் டி.எஸ்.சேனநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்தவர். அந்தச் சாசனம் சுருக்கமானது, அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லாதது. சுருக்கமான அந்தச் சாசனத்துக்கு விலை கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் வந்திருக்கும் நம் சிலோன்காரர்கள் அவர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். காப்பித் தோட்டத்தையும் பின்பு தேயிலைத் தோட்டத்தையும் உண்டாக்கியவர்கள். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்து, மலையகத்திலிருந்து தங்கள் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நாடு 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. சோல்பரி சாசனத்தின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. எழுத்தில் பாதுகாப்பு இருந்தது. ஆனால் யார் குடிமகன் என்பதை அந்தச் சாசனம் எழுதவில்லை, நாடாளுமன்றத்துக்கே விட்டுவிட்டது.

அதே ஆண்டில் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயன் அறையில் பிறந்தவரின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? சட்டத்தில் 'தோட்டத் தமிழர்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் பல லட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1949-ல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் எடுத்தது.

கோடக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்ல தொகுதி வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு வழக்காடினார். விசாரித்த அதிகாரி இந்தச் சட்டங்கள் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. லண்டன் பிரிவி கவுன்சில் 1953-ல், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் உரிமை, இதில் 29(2) மீறப்படவில்லை என்று முடித்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1972-ல் வந்த புதிய சாசனத்தில் அந்த 29(2) பிரிவும் இல்லாமல் போனது.

எழுத்து வீண் என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எழுதாமல் விட்ட இடத்தில்தான் அடி விழுந்தது. சாசனம் யாருக்கு உரிமை தருகிறது என்று படிப்பதற்கு முன்னால், அது யாரை 'நாம்' என்று எண்ணுகிறது என்று படிக்க வேண்டும். ஒரே நூலாக எழுதாத இங்கிலாந்திலும், கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து குடியேறியவர்கள் காகிதம் காட்ட முடியாததால் வேலையையும் வைத்தியத்தையும் இழந்தது 2018-ல் வெளியே வந்தது. வின்ட்ரஷ் என்ற பெயரில் அதை அறிவோம்.

இங்கே வந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னால் டேன்டீ கழகம் ஆனது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட கைகள் அவர்களுடையவை. வாக்குரிமை கிடைத்தது. இன்று நீலகிரி மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. ஆனால் சாதிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டு அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கடல் கடந்து போன காலத்து ஊர் எது என்று பேரனிடம் கேட்டால் அவன் எதைக் காட்டுவான்? 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தரும் ஆணை வந்தபோது, லயன் வீடுகளில் பழைய பயம் மறுபடி எழுந்தது.

நம் சாசனத்திலும் அதே இடைவெளி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. குடியுரிமை பற்றி 5 முதல் 11 வரை பிரிவுகள் எழுதப்பட்டுள்ளன. 11-ஆம் பிரிவு மேற்கொண்டு சட்டம் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. 1983-க்குப் பிறகு அகதியாக வந்து முகாம்களில் வாழும் மலையகத் தமிழரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆனால் 14-ஆம் பிரிவின் சமத்துவம் குடிமகனுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை, எந்த நபருக்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. வழக்காடவும் போராடவும் அந்த ஒரு சொல் நமக்கு இடம் தருகிறது. 1953-ல் கோடக்கன் பிள்ளையிடம் அப்படி ஒரு சொல் இல்லை.

இப்போது சிறை விதிக்குத் திரும்புவோம். 1950-ல் சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகும் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் இருந்துகொண்டே இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவும் அதற்குத் துணை நின்றன. நீலகிரித் தீர்மானத்திலிருந்து எண்ணினால் 133 ஆண்டுகள். சாசனம் வந்த பிறகும் 74 ஆண்டுகள் பிடித்தன. ஒருவர் தேடி எடுத்து, எழுதி, நீதிமன்றம் போகும்வரை அந்தப் பிரிவுகள் சிறைக்குள் நுழையவில்லை.

ஆகவே இளைஞர்களின் கேள்விக்கு நம் பதில் இது. எழுதிய சாசனம் வேண்டும், விரிவாக எழுதியது வேண்டும், சமமான குடியுரிமையை முதல் வரியில் எழுதியது வேண்டும். அது தானாக நடக்காது. எத்தனை நல்ல சாசனமும் நடத்துகிறவர்கள் கெட்டால் கெடும் என்று அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தார்.

நம்முன் உள்ள வேலை சிறியது போலத் தெரியும். லயன்தோறும் சாசனத்தின் மூன்றாம் பாகத்தைப் படிப்போம். நம் பெரியவர்களின் தகரப் பெட்டிகளில் தாயகம் திரும்பிய காலத்துக் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்துப் பாதுகாப்போம். சான்றிதழ் இல்லாத ஒவ்வொரு பிள்ளைக்காகவும் மனு எழுதுவோம். மாமூலை எதிர்த்து 1891-ல் இந்த மலையில் பண்டிதர் தொடங்கியதும் இந்த எழுத்து வேலைதான்.

ஜெய் பீம்.