சிரைவழி மருந்தேற்றக் கட்டணக் குறியீடுகள்

அமெரிக்காவில் சிரைவழி மருந்தேற்றத்துக்குக் கட்டணம் கோர, அமெரிக்க மருத்துவச் சங்கம் பராமரிக்கும் சி.பி.டி. குறியீடுகள் பயன்படுகின்றன. இங்கே எல்லாம் கடிகாரத்தைப் பொறுத்தது. 15 நிமிடத்துக்குள் ஏறி முடிந்த மருந்து, டிரிப்ஸில் போட்டிருந்தாலும் நேரடி ஊசிச் செலுத்தலாகவே (96374) கொள்ளப்படும். 16 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை 96365. அதற்குமேல் 30 நிமிடத்தைத் தாண்டினால்தான் கூடுதல் மணிக்குரிய 96366 சேரும். வெறும் நீரேற்றத்துக்கு (96360) குறைந்தது 31 நிமிடம் வேண்டும். ஒரே சிரைப்பாதையில் பல மருந்துகள் ஏறினாலும் ஒரு வருகைக்குத் தொடக்கக் குறியீடு ஒன்றுதான். அந்தத் தொடக்கக் குறியீட்டைத் தேர்வதில், மருத்துவமனைக் கணக்கில் கீமோதெரபிக்கே முதலிடம். மருந்தின் விலை தனிக் குறியீட்டில் கோரப்படும். செவிலியர் குறிக்கும் தொடக்க, முடிவு நேரங்களே இம்முறையின் உயிர்நாடி. முடிவு நேரம் விடுபட்டால், மணிக்கணக்கில் ஏறிய மருந்தும் பெரும்பாலும் நேரடிச் செலுத்தலாகச் சுருங்கிவிடும்.